நான்கு சனிக்கிழமைகளுக்கு எந்தப் பகை?

ஜூன் மாதப் பள்ளி விடுமுறையின் நான்கு சனிக்கிழமை இரவுகளை என் அக்கா மகனுக்கென்று ஒதுக்கி வைப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். உயர்நிலை ஒன்றில் படிக்கும் அவன், இன்றைய மல்யுத்த நிகழ்ச்சிகளைக் கைப்பேசியில் துண்டு துண்டாகப் பார்த்துப் பழகியவன். "மாமா, உங்க காலத்து மேட்ச்சு நிஜமாவே நல்லா இருக்குமா, இல்ல நீங்க சும்மா சொல்றீங்களா?" என்று சீனப் புத்தாண்டு விடுமுறையின்போது அவன் கேட்டதற்கு, வாயால் பதில் சொல்வதைவிடத் திரையில் காட்டுவதே முறை என்று தோன்றியது. எதைக் காட்டுவது என்று முடிவு செய்வதற்காகக் கடந்த மூன்று மாதங்களாகப் பழைய பதிவுகளை மறுபடியும் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிறுவயதில் உயிராக நேசித்த சில காட்சிகள் இப்போது நெளிய வைக்கின்றன. அன்று பொறுமையிழந்து ஓட்டித் தள்ளிய சில இப்போது நகரவிடாமல் பிடித்து நிறுத்துகின்றன.

முதலில் வரையறைகளைச் சொல்லிவிடுகிறேன். எட்டு மணிக்கு உட்கார்ந்தால் பத்து மணிக்கு எழுந்துவிட வேண்டும். அதற்குமேல் சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீட்டில் அரங்கக் கூச்சலை ஒலிக்க விடுவது அண்டை வீட்டாருக்குச் செய்யும் அநியாயம். ஆகவே கையில் இருப்பது மொத்தம் எட்டு மணி நேரம். பார்ப்பவனுக்கு வயது பதின்மூன்று. தொலைக்காட்சி கூடத்தில் இருப்பதால் என் அம்மாவும் அங்கேதான் இருப்பார். கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாலும் ஒரு சொல்லையும் தவறவிட மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து நான் ஓயாமல் விளக்கவுரை சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது என்பது நானே எனக்கு விதித்துக்கொண்ட நான்காவது வரையறை.

முடிவெல்லாம் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டதுதானே என்ற கேள்வி எங்கள் வீட்டில் ஒரு தடையே இல்லை. சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் தீமிதியை ஒட்டி மகாபாரதக் காட்சிகள் நடத்தப்படும்போது, அரவான் பலியாகப் போகிறான் என்பதை அறியாமல் யாரும் அங்கே வந்து நிற்பதில்லை. அறிந்தும் கண் கலங்குகிறார்கள். அம்மாவின் அப்பா, ஹேப்பி வேர்ல்டு கேளிக்கைப் பூங்காவின் அரங்கில் கிங் காங், தாரா சிங் ஆகிய மல்யுத்த வீரர்களின் குத்துப்பிடிகளை நேரில் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவர். ஹங்கேரியரான அந்த கிங் காங் 1970இல் கார் விபத்தில் காயமுற்று இறந்த செய்தியை, உறவினர் ஒருவரின் சாவைப் போல் தாத்தா சொல்லுவாராம். "அடிக்கிறது பொய்யா இருக்கலாம், விழுறது நிஜம்" என்பது அவருடைய தீர்ப்பு. அதற்குமேல் இந்தக் கேள்விக்கு நான் நேரம் செலவழிக்கப் போவதில்லை.

முதலில் எண்ணிய வழி மிக எளிதானது. கதையைப் பற்றிக் கவலைப்படாமல், யாவரும் போற்றும் எட்டு அல்லது பத்துப் போட்டிகளைப் பொறுக்கியெடுத்து, வாரத்துக்கு இரண்டு என்று காட்டிவிடுவது. இந்த வழியை மே மாதத் தொடக்கத்திலேயே சோதித்துப் பார்த்தேன். 2009 ஏப்ரல் 5 அன்று ஹூஸ்டனில் நடந்த, டபிள்யூடபிள்யூஇ நிறுவனத்தின் ஆண்டுப் பெருவிழாவான ரெஸில்மேனியா 25இல் அண்டர்டேக்கரும் ஷான் மைக்கேல்ஸும் மோதிய போட்டியை அவனுக்குப் போட்டுக் காட்டினேன். ஏறத்தாழ அரை மணி நேரம் ஓடும் அந்தப் போட்டியை நான் இதுவரை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. டூம்ஸ்டோனில் தலைகீழாக இறக்கப்பட்ட மைக்கேல்ஸ் மூன்றாவது எண்ணிக்கைக்கு முன் (மூன்று எண்ணும்வரை தோள்கள் தரையில் கிடந்தால் தோல்வி) தோளை உயர்த்தியபோது, அண்டர்டேக்கரின் முகத்தில் தோன்றும் திகைப்பைப் பார்த்து எனக்கு மறுபடியும் உடல் சிலிர்த்தது. பையனோ, "ஏன் எல்லாரும் இப்படிக் கத்துறாங்க?" என்றான். அதுவரை ரெஸில்மேனியா மேடையில் பதினாறு பேரை வென்று ஒருமுறையும் தோற்காதவர் அண்டர்டேக்கர் என்பது அவனுக்குத் தெரியாது. தெரிவித்தபோதும் அது அவனுக்கு வெறும் எண்ணாகவே இருந்தது. பதினாறு வெற்றிகளும் பதினாறு ஆண்டுகளுக்குமேல் ஒருவனுடைய மனத்தில் சேர்ந்திருந்தால்தான் அந்தத் தோள் உயரும்போது அவனுடைய வயிறு கலங்கும். பொறுக்கியெடுத்த போட்டிகள் பழைய இரசிகனுக்கு விருந்து. புதியவனுக்கு அவை கறியும் குழம்பும் இல்லாமல் அப்பளத்தை மட்டும் தட்டில் வைத்ததைப் போலத்தான். அந்த வழியை அன்றைக்கே கைவிட்டேன்.

அப்படியானால் ஏதாவது ஒரு பகையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை காட்ட வேண்டும். மூன்று பகைகள் எஞ்சின: ஸ்டீவ் ஆஸ்டினுக்கும் அந்நிறுவனத்தின் முதலாளி வின்ஸ் மெக்மேனுக்கும் இடையிலான மோதல், ராண்டி சாவேஜையும் அவருடைய மேலாளராக வந்த மிஸ் எலிசபெத்தையும் சுற்றி ஓடிய நீண்ட கதை, பிரெட் ஹார்ட்டும் ஓவன் ஹார்ட்டும் என்ற அண்ணன் தம்பிச் சண்டை.

என்னைச் சிறுவயதில் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஆஸ்டின் என்றிருப்பேன். 1997 செப்டம்பர் 22 அன்று மேடிசன் ஸ்குவேர் கார்டனில் மெக்மேனுக்கு அவர் தம் முத்திரை அடியான ஸ்டன்னரை முதன்முதலில் கொடுத்ததிலிருந்து அந்தக் கதை தொடங்குகிறது எனலாம். அடுத்த ஆண்டு அக்டோபரில் முதலாளியின் கார்வெட் காருக்குள் சிமெண்ட் கலவையை ஊற்றுகிறார். 1999 மார்ச்சில் பீர் வண்டியை அரங்கத்துக்குள் ஓட்டிவந்து எல்லார் மேலும் பீய்ச்சுகிறார். கப்பல் பட்டறையில் வேலை பார்த்த என் அப்பா, நான் கேசட்டில் பார்க்கும் எதையும் பொருட்படுத்தாதவர், அந்தச் சிமெண்ட் காட்சிக்கு மட்டும் கையிலிருந்த தமிழ் முரசை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை பார்த்தார். மேலதிகாரியிடம் ஏச்சு வாங்கி வீடு திரும்பும் எவருக்கும் அந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. 1998 ஏப்ரலில், ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக வாரந்தோறும் எதிர்நிறுவனத்திடம் பார்வையாளர் எண்ணிக்கையில் தோற்றுவந்த அந்நிறுவனத்தின் ரா தொலைக்காட்சி நிகழ்ச்சி மீண்டும் முந்தியதும் இந்த மோதலின் பலத்தில்தான்.

ஆனால் இப்போது வரிசையாகப் பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது. நம் நினைவு, அந்தக் காலத்தின் சிறந்த ஐந்து நிமிடங்களை மட்டும் பத்திரப்படுத்திவிட்டு மற்றதையெல்லாம் கழித்துவிட்டிருக்கிறது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்று கணக்கிட்டால், 1998ஆம் ஆண்டின் ரா மட்டுமே நூறு மணி நேரத்தைத் தாண்டும். அதற்குள் ஆஸ்டின் வரும் பகுதிகளுக்கு இடையே, பெண்களை இழிவுபடுத்தும் வேடிக்கைகளும் நடுவிரல் சைகைகளும் நிறைந்து கிடக்கின்றன. அம்மா இருக்கும் கூடத்தில் பதின்மூன்று வயதுப் பையனோடு உட்கார்ந்து பார்க்கக்கூடியவை அல்ல அவை. வெட்டி ஒட்டிக் காட்டலாம் என்றால் 2001 ஏப்ரல் 1 அன்று நடந்த ரெஸில்மேனியா 17 இடறுகிறது. அங்கே ஆஸ்டின், தான் மூன்றரை ஆண்டுகள் எதிர்த்துப் போராடிய அதே முதலாளியின் கையைக் குலுக்குகிறார். மூன்றரை ஆண்டுகள் அவரை நேசித்தவனுக்கு அது இடி. எட்டு மணி நேரம் பார்த்தவனுக்கு அது மற்றுமொரு திருப்பம். இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. கடுமையான குற்றச்சாட்டுகள் அடங்கிய வழக்கொன்றைத் தொடர்ந்து 2024 ஜனவரியில் பதவி விலகிய மெக்மேனைத் திரையில் கொடிய முதலாளியாகப் பார்த்துச் சிரிப்பது, முன்னைப் போல் எனக்கு எளிதாக இல்லை.

ஆஸ்டினில் காட்டத்தக்கது, முதலாளி கதைக்கு முன்பே நடந்த ஒன்றுதான். 1997 மார்ச் 23 அன்று சிகாகோ அருகே ரோஸ்மாண்டில், பிரெட் ஹார்ட்டின் ஷார்ப்ஷூட்டர் பிடியில் முகமெல்லாம் இரத்தம் வழிய, தோல்வியை ஒப்புக்கொள்ளாமலே மயங்கிச் சரிகிறார். வில்லனாக உள்ளே போனவர் நாயகனாகவும், நாயகனாகப் போனவர் வில்லனாகவும் வெளியே வந்த போட்டி அது. அதை அவன் உயர்நிலை மூன்றுக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

சாவேஜ் கதையை நிராகரிப்பது இவ்வளவு எளிதாக இருக்கவில்லை. 1987 மார்ச் 29, ரெஸில்மேனியா 3: 93,173 பேர் என்று அறிவிக்கப்பட்ட கூட்டத்துக்கு முன்னால் ஹல்க் ஹோகன் ஆந்த்ரே த ஜயண்டைத் தூக்கிப் போட்டதையே உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அதே இரவில் சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் மோதிய கால்மணி நேரத்தை இன்று பார்க்கையில் மூச்சுவிட இடமில்லை. ஒவ்வோர் அசைவையும் முன்கூட்டியே எழுதி மனப்பாடம் செய்துகொண்டு வருபவர் சாவேஜ் என்பது பின்னர் தெரியவந்த செய்தி. ஒரு பாடகர் சங்கதிகளை வீட்டிலேயே தீர்மானித்துவிட்டு மேடையில் அப்போதுதான் உதித்ததைப் போல் பாடுவதை இது நினைவூட்டுகிறது. மறு ஆண்டு, அட்லாண்டிக் சிட்டியில் ஒரே இரவில் நான்கு பேரோடு மோதி சாம்பியன் ஆகிறார். அதன் பிறகு ஹோகனோடு கூட்டணி, மெல்ல முளைக்கும் சந்தேகம், 1989 பிப்ரவரியில் எலிசபெத் மயங்கிக் கிடக்க ஹோகன் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியதைச் சாவேஜ் பார்த்த பார்வை, இரு மாதங்களில் ரெஸில்மேனியா 5. ஓராண்டுக் கதையை இவ்வளவு நிதானமாகக் கட்டியெழுப்பியது இந்தத் தொழிலில் அரிது.

என்னைத் தயங்க வைத்தது வேறொன்று. சிறுவயதில் நான் சாவேஜின் பக்கம் நின்றேன். நண்பன் நம் வீட்டுப் பெண்ணிடம் நெருங்குவதாக நினைத்துக் கொதித்தேன். இப்போது பார்க்கும்போது என் கண் எலிசபெத்தின் மேலேயே இருக்கிறது. அவர் கயிற்றை விலக்கிப் பிடிக்க, சாவேஜ் உள்ளே வருகிறார். விரலைச் சொடுக்கினால் அவர் ஓரமாக நகர வேண்டும். தோற்றால் ஏச்சு அவருக்கு. ஹோகன் மேல் எந்தத் தவறும் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, நண்பனின் மனைவி விஷயத்தில் அவருடைய உரிமையும் சற்று அதிகம்தான். ஆனால் இரு ஆண்களும் தங்கள் பெருமையைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்க, நடுவே நிற்கும் பெண்ணிடம் ஒருவரும் எதுவும் கேட்பதில்லை. அந்தப் பதிவை நான் ஓட்டிக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து வந்த அம்மா, ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, "அந்தப் பிள்ளைய ஏன் இப்படி அதட்டிக்கிட்டே இருக்கான்?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தக் கேள்விக்குக் கதையே ஒரு பதிலை வைத்திருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1991 மார்ச் 24, ரெஸில்மேனியா 7. தோற்றவர் ஓய்வு பெற வேண்டும் என்ற நிபந்தனையோடு அல்டிமேட் வாரியருடன் மோதுகிறார் சாவேஜ். மேல்கயிற்றிலிருந்து ஐந்து முறை முழங்கையால் பாய்ந்தும் வாரியர் எழுந்துவிடுகிறார், சாவேஜ் தோற்கிறார். அப்போதைய துணையான ஷெர்ரி, கீழே கிடப்பவரை உதைக்கும்போது, பார்வையாளர் நடுவே அமர்ந்திருந்த எலிசபெத் ஓடிவந்து அவளை வெளியே வீசுகிறார். இருவரும் தழுவிக்கொள்கிறார்கள், கூட்டத்தில் பலர் அழுவதைக் கேமரா காட்டுகிறது. வெளியேறும் நேரத்தில் எலிசபெத் வழக்கம்போல் கயிற்றைப் பிடிக்கப் போகிறார். சாவேஜ் தலையசைத்து மறுத்து, அவருக்காகத் தாமே கயிற்றை விலக்கிப் பிடிக்கிறார். ஆறு ஆண்டுகளாகப் பார்த்துவந்த ஒரு சிறு பழக்கத்தைத் திருப்பிப் போட்டே ஒரு மன்னிப்பைச் சொல்லிவிட்டார்கள். (அந்த ஓய்வு ஓராண்டுகூடத் தாங்கவில்லை என்பதும், நிஜ வாழ்வில் 1984இலேயே மணந்திருந்த அவ்விருவரும் 1992இல் பிரிந்தார்கள் என்பதும் வேறு செய்தி.) எனினும், அந்தக் கயிற்றின் கனத்தை உணர 1985 முதல் 1991 வரை வர வேண்டும். எட்டு மணி நேரத்தில் அதைச் சுருக்கினால், மறுபடியும் நான் விளக்கவுரையாளன் ஆகிவிடுவேன்.

ஆகவே ஹார்ட் சகோதரர்களிடம் வந்து நிற்கிறேன். அன்று எனக்கு இந்தக் கதையில் பெரிய ஈடுபாடு இருந்ததில்லை. இருவருமே அளவான உடல்வாகு கொண்டவர்கள். வண்ணமயமான வேடமோ காது கிழியும் பேச்சோ கிடையாது. கேசட்டை வாடகைக்கு எடுத்தால் இவர்கள் வரும் பகுதியை ஓட்டிவிட்டு அண்டர்டேக்கரைத் தேடுவேன். அந்த வாடகைக் காசுக்காக இப்போது வருந்துகிறேன்.

கனடாவின் கால்கரியில் ஸ்டூ ஹார்ட், ஹெலன் தம்பதியருக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். வீட்டின் நிலவறையே பயிற்சிக் களம். ஓவன் கடைக்குட்டி, பிரெட் அவரைவிட எட்டு வயது மூத்தவர், முன்னாள் சாம்பியன், குடும்பத்தின் பெருமை. 1993 நவம்பரில் சகோதரர்கள் நால்வர் ஓரணியாக நின்று மோதும் போட்டியில், அண்ணன்மீது தவறுதலாக இடித்துத் தடுமாறும் ஓவன் ஒருவர் மட்டும் வெளியேற்றப்படுகிறார். மற்ற மூவர் வெற்றியைக் கொண்டாடும்போது அவர் ஓரத்தில் நின்று முறையிடுகிறார். கல்யாண வீட்டுப் புகைப்படத்தில் தன்னை விட்டுவிட்டு எடுத்துவிட்டார்கள் என்று இருபது ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருக்கும் சித்தப்பாக்களை அறிந்த நமக்கு இதற்கு உரை வேண்டாம். 1994 ஜனவரியில், காயம்பட்டுக் கிடக்கும் பிரெட்டின் காலையே ஓவன் உதைக்கிறார். அதற்குப் பிறகான பேட்டியில் ஆத்திரத்தில் நாக்குப் புரண்டு, 'உன் காலிலிருந்து உன் காலை உதைத்தேன்' என்ற பொருளில் ஏதோ உளறிவிடுவார். முப்பது ஆண்டுகளாக இரசிகர்கள் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்கோ அந்த உளறலே நிஜமாகப் படுகிறது. வீட்டுச் சண்டையில் யார் வாக்கியத்தை ஒழுங்காக முடித்திருக்கிறார்கள்?

1994 மார்ச் 20, மேடிசன் ஸ்குவேர் கார்டன், ரெஸில்மேனியா 10. முதல் போட்டியே அண்ணன் தம்பிக்கு. இருபது நிமிடங்களுக்கு, தொடக்கத்தில் பிரெட் அடிக்கத் தயங்குவதும், ஓவன் ஒவ்வொரு சின்ன முன்னிலையையும் ஊரையே வென்றதைப் போல் கொண்டாடுவதும் பேச்சு எதுவுமின்றிப் புரிகின்றன. முடிவில் தோள்மேல் ஏறி உருட்டி வீழ்த்த முயலும் பிரெட்டை, ஓவன் அப்படியே உட்கார்ந்து அமுக்கி மூன்று எண்ணிக்கை பெற்றுவிடுகிறார். ஏமாற்றும் இல்லை, வெளியாள் தலையீடும் இல்லை. தம்பி நேர்மையாகவே வென்றுவிட்டார். அந்த நேர்மைதான் அண்ணனுக்குப் பெரிய அடி. அதே இரவின் கடைசிப் போட்டியில், நொண்டியபடியே பிரெட் அப்போதைய சாம்பியன் யோகோசூனாவை வீழ்த்தி சாம்பியன் ஆகிறார்; சக வீரர்கள் தோளில் தூக்கிக் கொண்டாடுகிறார்கள். நடைபாதையில் ஓவன் வந்து நின்று ஒரு சொல்லும் பேசாமல் பார்க்கிறார். இரவின் தொடக்கத்தில் அண்ணனை வென்றவன் அது முடிவதற்குள் மறக்கப்பட்டுவிட்டான் என்பதை அந்த முகம் சொல்லிவிடுகிறது. மறுபார்வையில் இந்த ஒரு காட்சிக்காகவே மூன்று முறை பின்னுக்கு ஓட்டினேன். மூன்றாவது முறை அம்மா கண்ணைத் திறந்து, "கூடப்பொறந்தவன் காலையா உதைச்சான்? ஆனா அவன் மூஞ்சியப் பாத்தா பாவமாத்தான் இருக்கு" என்றார். நான் ஒன்றும் விளக்கியிருக்கவில்லை.

ஆகஸ்டில் நீலநிறக் கம்பிக் கூண்டுக்குள் அரை மணி நேரத்துக்குமேல் ஓடும் போட்டியில் இந்தக் கதையின் குறையும் தெரிகிறது. கூண்டைவிட்டு வெளியேறினால்தான் வெற்றி என்பதால், இருவரும் ஏறுவதும் இழுக்கப்படுவதுமாக நடுப்பகுதி நீள்கிறது. பையன் அங்கே கைப்பேசியை எடுத்தாலும் வியப்பதற்கில்லை. ஆனால் அரங்கின் முதல் வரிசையில் ஹார்ட் குடும்பமே அமர்ந்திருக்கிறது, யாருக்குக் கைதட்டுவது என்று தெரியாமல். நவம்பரில் பாப் பேக்லண்டின் பிடியில் பிரெட் எட்டு நிமிடங்களுக்குமேல் சிக்கிக் கிடக்க, ஓவன் கண்ணீர் விட்டுத் தாயிடம் கெஞ்சுகிறார்: தோல்வியை ஒப்புக்கொண்டு துண்டை வீசுங்கள், அண்ணனைக் காப்பாற்றுங்கள். தந்தை மறுக்க, தாய் வீசிவிடுகிறார். பிரெட் பட்டத்தை இழந்த மறுகணம் ஓவன் துள்ளிக்கொண்டு ஓடுகிறார். பெற்ற தாயின் பாசத்தையே ஆயுதமாக்கும் இந்தச் சூழ்ச்சி நம் கூத்து மேடையில் நடந்திருந்தாலும் பொருந்தியிருக்கும்.

முக்கியமான போட்டிகளையும் பேட்டிகளையும் சேர்த்தால் ஐந்து மணி நேரத்துக்குள் அடங்குகிறது. ஓராண்டுக்குள் தொடங்கி முடிகிறது. கூசவைக்கும் காட்சி ஏதுமில்லை. ஆகவே முதல் மூன்று சனிக்கிழமைகள் ஹார்ட் சகோதரர்களுக்கு. நான்காவது சனிக்கிழமை, சாவேஜின் கதையிலிருந்து ஸ்டீம்போட் போட்டியும் ரெஸில்மேனியா 7உம் மட்டும். கயிற்றின் கனம் முழுதாகக் கிடைக்காது என்று தெரிந்தேதான் சேர்த்திருக்கிறேன். அம்மாவின் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரேயொரு விஷயத்தை மட்டும் இன்னும் எடைபோட்டுக்கொண்டிருந்தேன். 1999 மே 23 அன்று கேன்சஸ் சிட்டி அரங்கில், உத்தரத்திலிருந்து கம்பியில் இறங்கிவர வேண்டிய ஓவன், பிடி விலகி விழுந்து இறந்தார். அவருக்கு வயது 34. நிகழ்ச்சி அதற்குப் பிறகும் தொடர்ந்து நடத்தப்பட்டது. இதை அறிந்துகொண்டு பார்ப்பவனுக்கு, நடைபாதையில் நின்று அண்ணனை வெறிக்கும் அந்த இளைஞன் வில்லனாகத் தெரிய மாட்டான். எனக்கே இப்போது தெரிவதில்லை. ஆனால் பையனுக்கு ஓவன்மேல் ஒருமுறையாவது மனதாரக் கோபம் வர வேண்டும். அவர் உழைத்தது அந்தக் கோபத்துக்காகத்தான். ஆகவே மூன்றாவது சனிக்கிழமை துண்டு வீசப்பட்டு, அவன் திரையைப் பார்த்துக் கத்தி முடிக்கும்வரை நான் வாய் திறக்கப் போவதில்லை. அக்காவிடம் சொல்லிவிட்டேன், அதற்குள் இணையத்தில் தேடிப் பார்க்காதபடி அவனுடைய கைப்பேசியைப் பார்த்துக்கொள்ளும்படி. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.